துவர்ப்பு தெரிந்த நாக்கு: 6 யூரோவிலிருந்து 60 யூரோ வரை வைன் ருசிப்பதும் சிபாரிசு செய்வதும்

சனிக்கிழமை மாலையில் பாரிசில் எங்கள் வைன் கடைக்குள் வரும் தமிழ்ப் பிள்ளைகளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். போத்தலைப் பார்க்கமாட்டார்கள், விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். கடைக்காரன் தமிழன் என்று தெரிந்ததும் நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வரும். போன மாதம் ஒருவன் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் வாங்கிய இனிப்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வந்தான்.

“அண்ணை, அவளுடைய தாய் தகப்பன் வீட்டுக்கு முதல் தடவையாகச் சாப்பிடப் போகிறேன். 15 யூரோ இருக்கிறது. மானம் போகாத மாதிரி ஒன்று எடுத்துத் தாருங்கள்.”

“என்ன சமைக்கிறார்களாம், தம்பி?”

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவணில் வாட்டிய கோழி என்று பதில் வந்தது. 14 யூரோவுக்கு மோர்கோன் என்ற சிவப்பு வைன் ஒன்று எடுத்துக் கொடுத்து, போகும் வழியில் பையைத் தூக்கி ஆட்டாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பின்னால் வரிசை நின்றது. சொல்ல நேரமில்லாமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் பாரிசுக்கு வந்தது 1990களின் நடுவில். முதல் ஆறு வருடம் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவினேன். கழுவ வரும் கிளாஸ்களின் அடியில் ஒரு மிடறு கிடக்கும். குடித்ததில்லை, மணந்து பார்ப்பேன். ஒருநாள் ஒரு கிளாஸில் மிளகு மணத்தது. அரைத்து வைத்த மிளகு, சந்தேகமே இல்லை. யாராவது தூவிவிட்டார்களா என்று அங்கே வைன் பரிமாறிய பெரியவரிடம் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சிரா” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அது அந்தத் திராட்சையின் பெயர். மறுநாளிலிருந்து போத்தலின் அடியில் எனக்காக இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து அனுப்பத் தொடங்கினார். என் படிப்பு அதுதான். கடையில் நின்று விற்கத் தொடங்கி இப்போது 14 வருடம் ஆகிறது.

அந்த மிளகு மணத்துக்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. ரொட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சையின் தோலில் உண்டாகிறது. நம் வீட்டு மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் மூக்கில் ஏறவே ஏறாது என்பதையும் அவர்களே கண்டார்கள். ஆகவே பக்கத்தில் இருப்பவர் “எனக்கு ஒன்றும் மணக்கவில்லையே” என்றால் அவரோடு வாதாட வேண்டாம்.

நாக்கு

வைன் கற்றுக்கொள்ள வரும் பிரெஞ்சுக்காரர் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிவப்பு வைன் ஈறைப் பிடித்து இழுக்கும்போது சிலர் “கசக்கிறது” என்பார்கள், சிலர் “புளிக்கிறது” என்பார்கள், சிலர் “காய்ந்திருக்கிறது” என்பார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வரத் தேவையில்லை. வாழைப்பூ, பாக்கு, மாதுளைத் தோல், கடுக்காய் என்று துவர்ப்பைச் சின்ன வயதிலேயே தனிச் சுவையாக வைத்துப் பழகியவர்கள் நாம். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் டானின் நாக்கில் செய்வது அந்தத் துவர்ப்பைத்தான்.

வைன் வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். காசு செலவில்லை. பால், சீனி இல்லாத தேநீர் இரண்டு கோப்பை ஊற்றுங்கள். ஒன்றில் தேயிலை 3 நிமிடம் ஊறட்டும், மற்றதில் 10 நிமிடம். இரண்டாவதைக் குடிக்கும்போது மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அதுதான் போர்தோ பகுதியின் இளம் சிவப்பு வைன் செய்யும் வேலை. அடுத்து, தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, சீனி போடாமல் ஒரு மிடறு குடியுங்கள். விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்பக்கத்தில் எச்சில் ஊறும். அது புளிப்பு. வெள்ளை வைனின் முதுகெலும்பு அதுதான். பிறகு அதே கோப்பையில் ஒரு கரண்டி சீனி போடுங்கள். புளிப்பு எங்கேயும் போகவில்லை, ஆனால் இப்போது குடிக்க முடிகிறது, இல்லையா? வைன்காரர்கள் சமநிலை என்று மணிக்கணக்காகப் பேசுவது இந்த ஒரு கரண்டி சீனியைப் பற்றித்தான்.

இனி வைனுக்கு வருவோம். துலிப் பூ மாதிரி மேலே குறுகிய கிளாஸ் இருந்தால் போதும். பிரெஞ்சு ருசிபார்ப்பவர்கள் 1970களிலிருந்து பயன்படுத்தும் சின்னக் கிளாஸ் 21 சென்டிலீற்றர் சொச்சம்தான் கொள்ளும், அதிலும் கால்பங்குதான் ஊற்றுவார்கள். நிரப்பினால் மணம் நிற்க இடமிருக்காது. முதலில் ஆட்டாமல் மணந்து பாருங்கள். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே சுழற்றி மறுபடி மணந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். கிளாஸின் உட்சுவரில் வடியும் கோடுகளைக் காட்டி “பார், எவ்வளவு தரமான வைன்” என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தக் கோடுகள் மதுசாரத்தின் அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

வாயில் எடுத்ததும் அவசரப்படாமல் நாலு விஷயம் கவனியுங்கள். எச்சில் ஊறுகிறதா? ஈறு இறுகுகிறதா? தொண்டையில் சூடு தெரிகிறதா? வாயில் அது தண்ணீர் போல ஓடுகிறதா, பால் போல நிற்கிறதா? இந்த நாலுக்கும் பதில் வைத்திருந்தால் பாதி வைன் தெரிந்த மாதிரி. பிறகு விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். துப்புவது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். ஒரு காலையில் 30 வைன் பார்க்கும் நாளில் நான் ஒரு சொட்டும் விழுங்குவதில்லை. விழுங்கினால் ஐந்தாவது வைனுக்குப் பிறகு எல்லாமே நல்ல வைன்தான்.

கடைசியாக, மணம் வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். இதற்குப் பிரெஞ்சில் ஓர் அளவே வைத்திருக்கிறார்கள்: ஒரு நொடிக்கு ஒரு கோதலி. நான் முதன்முதலில் கேட்டபோது குறிப்புப் புத்தகத்தில் “கோடாலி” என்று எழுதி வைத்தேன். இன்றும் என் கணக்கு கோடாலியில்தான். இரண்டு மூன்று கோடாலியோடு மறைந்துவிட்டால் அது தாகத்துக்குக் குடிக்கும் வைன். எட்டு, பத்து தாண்டினால் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். விலையைப் பார்க்காமல் தரம் சொல்ல எனக்குத் தெரிந்த கைக்கு எளிய வழி இதுதான்.

மூக்கு

வைன் பாடப் புத்தகங்கள் கசிஸ், பிராம்போவாஸ் என்று நாம் கொல்லையில் கண்டிராத பழங்களின் பெயர்களை அடுக்கும். அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். உங்கள் அடுக்களையில் இருப்பதைச் சொல்லுங்கள். புது ஓக் பீப்பாயில் வைத்த வைனில் கிராம்பு மணந்தால் அது கற்பனை இல்லை, கிராம்பில் இருக்கும் யூஜினால்தான் வாட்டிய ஓக் மரத்திலும் இருக்கிறது. தேங்காய் மணந்தால் அமெரிக்க ஓக்காக இருக்கக்கூடும். லுவார் ஆற்றுப் பக்கத்து சினோன் வைனில் பச்சைக் குடைமிளகாய் மணக்கும். அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்திரமினர் என்ற வெள்ளை வைனை முதல் முறை மணந்தவர்கள் ரோசாப்பூத் தண்ணீர் என்றோ லிச்சி என்றோ தானாகவே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் என்னை ஆட்டிவைத்தது ஜூரா மலைப்பகுதியின் மஞ்சள் வைன். சாவன்யான் என்ற திராட்சையில் செய்து, பீப்பாயை நிரப்பாமல் விட்டு, மேலே ஈஸ்ட் ஆடை படர ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, 62 சென்டிலீற்றர் கொள்ளும் குட்டைப் போத்தலில் அடைப்பார்கள். கடையில் எல்லோரும் “வால்நட், வால்நட்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மா வெந்தயம் வறுக்கும் வாசனை வந்தது. சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு படித்துப் பார்த்தால், சோட்டோலோன் என்ற ஒரே பொருள்தான் வெந்தயத்துக்கும் அந்த வைனுக்கும் மணம் கொடுக்கிறதாம். அன்றோடு கூச்சம் போய்விட்டது.

மூக்கு ஏமாறும் என்பதும் உண்மை. போர்தோ பல்கலைக்கழகத்தில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. வைனையே படித்தவர்களின் கண்ணே மூக்கை இழுத்துக்கொண்டு போனது என்றால், விலைச்சீட்டு நம்மை என்ன செய்யும்? 1976 மே மாதத்தில் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, போத்தலை மறைத்து பிரெஞ்சு நடுவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியா வைன்கள் முதலிடம் பிடித்தன. லேபிளைக் காட்டி ஊற்றியிருந்தால் அப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே நீங்களும் மறைத்துப் பாருங்கள். நாலு நண்பர்கள் சேருங்கள். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து மூன்று சிவப்பு: 6 யூரோவுக்கு ஒரு சாதாரண கோட் து ரோன், 11 யூரோவுக்கு ஊர்ப் பெயர் போட்ட கோட் து ரோன் வில்லாஜ், 22 யூரோவுக்கு ஒரு ஜிகோந்தாஸ். மொத்தம் 39 யூரோ, ஆளுக்குப் பத்துக்கும் குறைவு. மூன்றையும் பழைய காலுறைக்குள் நுழைத்து (தோய்த்த காலுறை), யாராவது ஒருவர் இடம் மாற்றி வைக்கட்டும். எது பிடித்தது என்று எழுதிய பிறகுதான் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் செய்தபோது 11 யூரோ போத்தலுக்கு மூன்று வாக்கு விழுந்தது. 22 யூரோவுக்கு என் வாக்கு மட்டும்.

விலை

காசு எங்கே போகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் வாங்கும் பழக்கமே மாறிவிடும். பிரான்சில் 6 யூரோ போத்தலில் 1 யூரோ வரி. கடைக்கு ஒன்றரை. கண்ணாடி, தக்கை, லேபிள், பெட்டி, லொறி எல்லாம் சேர்ந்து ஒரு யூரோ சொச்சம். மிஞ்சுவது இரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் மேல், அதில்தான் தோட்டக்காரன் பிழைக்க வேண்டும். 12 யூரோ போத்தலில் வரியும் கடை இலாபமும் இரட்டிக்கும், ஆனால் கண்ணாடியும் தக்கையும் அப்படியே நிற்கும். மிஞ்சுவது ஐந்தரைக்கு மேல். நீங்கள் இரண்டு மடங்கு கொடுத்தீர்கள், வைனுக்குப் போனது இரண்டரை மடங்கு. லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அங்கே மதுத் தீர்வை மட்டுமே போத்தலுக்கு 2 பவுண்டுக்கு மேல். இங்கே அது சில சென்ட். அதனால் அவளிடம் 6 பவுண்டு வைனை வாங்காதே, 10 பவுண்டுக்கு ஒன்று வாங்கி அரை மாதம் இடைவெளி விடு என்று சொல்லியிருக்கிறேன்.

இனி, பாரிஸ் கடை விலையில்.

6 யூரோவுக்குக் கீழே வாங்கத்தான் வேண்டுமென்றால் பெரிய ஊரின் பெயரைத் தேடாதீர்கள். பெரிய ஊரின் மலிந்த போத்தலைவிடச் சின்ன ஊரின் நேர்மையான போத்தல் மேல். தென்மேற்கின் காஸ்கோன் வெள்ளை வைன், குளிரவைத்தால், 5 யூரோவுக்கு வெட்கப்படாமல் மேசையில் வைக்கலாம்.

7இலிருந்து 12 வரைதான் என் சொர்க்கம். சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் தோட்டக்காரனின் கையெழுத்து தெரியத் தொடங்கும் இடம் இது. நாந்த் நகரப் பக்கத்து வெள்ளை வைன் முஸ்கதே இருக்கிறதே, லேபிளில் “சூர் லீ” என்று போட்டிருந்தால் குளிர்காலம் முழுவதும் ஈஸ்ட் வண்டலோடு கிடந்து வசந்தத்தில் போத்தலுக்கு வந்தது என்று அர்த்தம். உப்புக்காற்று மாதிரி ஒரு வாசம், தேசிக்காய்ப் புளிப்பு. பொரித்த மீனுக்கு இதைவிட வேறொன்றைத் தேடுகிறவர் காசை எறிகிறவர். அது ஏன் மலிவு? நிலத்தின் விலை. ஷாம்பெயின் பகுதியில் ஒரு ஹெக்டேயர் தோட்டம் பத்து இலட்சம் யூரோவை ஒட்டிப் போகிறது. முஸ்கதே நிலத்துக்கு அதில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. உழைப்பு ஒன்றுதான், முகவரிதான் வேறு. இதே விலையில் கிரேமான் என்ற நுரை வைனும் கிடைக்கும். ஷாம்பெயினைப் போலவே போத்தலுக்குள் இரண்டாவது தடவை புளிக்க வைத்தது. லிமூ, லுவார், அல்சாஸ் எல்லா இடத்துக் கிரேமானும் நல்லதே. பிறந்தநாளுக்கு 20 பேர் வருகிறார்கள் என்றால் 10 யூரோ கிரேமானை வாங்குங்கள். மலிந்த ஷாம்பெயின் வாங்கி விருந்தாளியின் வயிற்றைப் புண்ணாக்க வேண்டாம்.

12இலிருந்து 20 வரை பரிசு கொடுக்கும் விலை. சிவப்பு வைனுக்குப் பெயர்போன பொஜோலே பகுதியில் பத்து இடங்களுக்குத் தங்கள் பெயரையே லேபிளில் போடும் உரிமை உண்டு. மோர்கோன், பிளூரி, மூலான்-ஆ-வான் எல்லாம் அதில் அடக்கம். நவம்பர் மாத மூன்றாவது வியாழக்கிழமை ஆரவாரத்தோடு வரும் புது பொஜோலேயைக் குடித்துவிட்டு அந்தப் பகுதியையே வெறுத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு மோர்கோன் ஊற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது என் தொழிலின் சின்னச் சுகங்களில் ஒன்று. லுவாரின் வெள்ளை வூவ்ரே, ரோனின் சிவப்பு குரோஸ்-எர்மித்தாஜ் (மிளகு வேண்டுமென்றால் இதுதான்) எல்லாம் இந்த விலைக்குள் வரும்.

20இலிருந்து 40 வரை போகும்போது காரணம் வேண்டும். புதுப் பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 900 யூரோவை ஒட்டிப் போகும், அதில் 300 போத்தல் வைன் பிடிக்கும். அதாவது பீப்பாய்க்கே போத்தலுக்கு 3 யூரோ. இது நியாயமான செலவு. ஷாம்பெயின் வாங்கினால் லேபிளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ‘ஆர்எம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர் என்று பொருள். 30 யூரோவை ஒட்டி நல்லவை இருக்கின்றன. நான் சொன்ன மஞ்சள் வைனும் 40 யூரோவுக்கு முன்பின். ஒரு போத்தலைப் பத்துப் பேர் பகிர்ந்து ருசிக்கலாம், வாரக்கணக்கில் கெடாது.

60 யூரோவுக்கு மேலே நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பெயரையும் தட்டுப்பாட்டையும்தான். யாராவது ஊற்றிக் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள்.

லேபிளில் “பழங்கொடி” என்றும் “ரிசர்வ்” என்றும் போட்டிருப்பதற்குப் பிரான்சில் சட்ட வரையறை ஒன்றும் கிடையாது. தங்கப் பதக்கம் ஒட்டியிருந்தாலும் மயங்காதீர்கள், ஒரு போட்டிக்கு வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் வாங்கலாம். கனமான கண்ணாடிப் போத்தல் என்றால் கனமான கண்ணாடி, அவ்வளவுதான்.

நம் சாப்பாட்டோடு

இதில் நான் ஒரு தடவை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். உறவினர் ஒருவர் வீடு குடிபுகுந்தார். கடைக்காரன் வெறுங்கையோடு போகலாமா? போர்தோ பக்கத்துச் சிவப்பான மெடோக், 38 யூரோ, நாலு போத்தல். அங்கே போனால் நண்டுக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. இளம் மெடோக்கின் துவர்ப்பு மிளகாய்த் தூளோடு மோதியதும் வாய் எரிந்தது. நண்டோடு சேர்ந்து இரும்பு நக்கிய மாதிரி ஆனது. பெரியப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, “தம்பி, இதற்கு என்ன விலை?” என்று கேட்டார். சொன்னேன். “பாவம்” என்றார்.

மிளகாய் எரிவை மதுசாரமும் துவர்ப்பும் கூட்டும், கொஞ்சம் இனிப்பு தணிக்கும். இதை வைத்துக்கொண்டால் போதும். நண்டுக் கறிக்கு அரை இனிப்பான வூவ்ரே, அல்லது கெவுர்ஸ்திரமினர். தேங்காய்ப் பால் கறிக்கும் அதுவே. புளி விட்ட மீன் குழம்புக்கு அதைவிடப் புளிப்புக் குறைந்த வைன் தட்டையாகிவிடும், அல்சாஸின் வெள்ளை வைன் ரீஸ்லிங் தாங்கும். ஆட்டுக் கறிக்கும் பிரியாணிக்கும் துவர்ப்புக் குறைந்த சிவப்பு: பொஜோலே, அல்லது கிரெனாஷ் திராட்சை அதிகமுள்ள கோட் து ரோன். குளிர்ப்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொன்ன காலத்தில் வீடுகளில் ஹீட்டர் கிடையாது. 25 பாகையில் குடித்தால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும். வடைக்கும் ரோல்சுக்கும் கிரேமான். எண்ணெயை நுரை வெட்டிவிடும்.

சிபாரிசு

சிபாரிசு செய்கிறவன் வைனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தோற்றான். கேள்வி கேட்க வேண்டும். என்ன சாப்பாடு? எத்தனை பேர்? கடைசியாகக் குடித்துப் பிடித்தது எது? இதற்குப் பெயர் சொல்ல முடியாதவர்களிடம் நான் கேட்பது, “தேநீர் எப்படிக் குடிப்பீர்கள்?” என்றுதான். சாயம் தடிப்பாக, சீனி இல்லாமல் என்றால் துவர்ப்புக்கு நாக்குப் பழகியிருக்கிறது, போர்தோ பக்கம் கூட்டிப்போகலாம். பாலும் இரண்டு கரண்டி சீனியும் என்றால் பழம் மணக்கும் மென்மையான சிவப்பு. விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஆனால் 14 வருடத்தில் பெரிதாகக் கைவிட்டதில்லை.

காசு பற்றி வாயால் கேட்காதீர்கள். 9, 14, 21 யூரோவில் மூன்று போத்தலைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள். எந்தப் போத்தலில் கை நிற்கிறது என்று பாருங்கள். அவர் தொகை சொல்லிவிட்டால் அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்றை முதலில் எடுத்துக் கொடுங்கள். மேலே இழுத்தால் அன்றைக்கு 5 யூரோ கூடக் கிடைக்கும், ஆள் திரும்பி வரமாட்டார். உணவகத்தில் நீங்களே வாடிக்கையாளர் என்றால் அட்டையில் ஒரு விலையை விரலால் காட்டி “இந்த மாதிரி ஒன்று” என்று கேளுங்கள். மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, பரிமாறுகிறவருக்குப் புரியும். கடை விலையின் மூன்று மடங்கு அங்கே வழக்கம் என்பதால் அதிகம் ஏறிப் போகத் தேவையில்லை.

பரிமாறுகிறவர் முதலில் உங்கள் கிளாஸில் கொஞ்சம் ஊற்றுவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல. கெட்டிருக்கிறதா என்று பார்க்க. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, அல்லது ஈரச் சாக்கு மணந்தால் தக்கை கெட்டது. போத்தலின் விலை 5 ஆனாலும் 500 ஆனாலும் அது நடக்கும். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கடைக்குக் கொண்டுவந்தாலும் நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். ஊற்றிக் கொட்டிவிட்டு வெறும் போத்தலோடு வராதீர்கள், நாங்களும் மணந்து பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா கள் ஊற்றிய பிளாவை, அந்த ஓலைக் கிண்ணத்தை, கையில் வாங்கியதும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார். ஒருமரத்துக் கள்ளா, பல மரம் கலந்ததா, காலையில் இறக்கியதா என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவரை இந்தக் கடையில் நிறுத்தியிருந்தால் என்னைவிட நன்றாக விற்றிருப்பார்.

மோர்கோன் வாங்கிய பையன் போன வாரம் மறுபடி வந்தான். இந்த முறை அவளுடைய தாயும் தகப்பனும் இவன் வீட்டுக்கு வருகிறார்களாம். அம்மா நண்டு வாங்கிவிட்டார். எவ்வளவு காரம் என்று கேட்டேன். “அம்மா குறைக்கிறேன் என்கிறார், ஆனால் குறைக்கமாட்டார்.” அரை இனிப்பு வூவ்ரே, 13 யூரோ, இரண்டு போத்தல். காலையிலேயே குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

மிச்சம்

வைத்தால் தரம் ஏறும் என்று நம்பி நம் வீடுகளில் போத்தலைக் காட்சி அலுமாரியில் நிற்க வைப்பார்கள், பெரும்பாலும் ஹீட்டருக்குப் பக்கத்தில். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 8 யூரோ வைன் 11 வருடம் நின்றது. மகன் பட்டம் வாங்கிய நாளில் திறந்தார்கள். நிறம் பழம்புளி, மணமும் ஏறத்தாழ அதுவே. 15 யூரோவுக்குக் கீழே வாங்கும் பெரும்பாலான வைன்களை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். அதுவரை இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள்.

திறந்ததில் பாதி மிஞ்சினால், சிவப்பாயிருந்தாலும், தக்கையை இறுக்கி அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் எங்கள் வீட்டில் அது ஆட்டுக் கறிக்குள் போகிறது. வெங்காயம் வதங்கிய பிறகு, தூள் போடுவதற்கு முன், ஒரு கிளாஸ்.